இறக்கையைப் பிள்ளையே திருப்பட்டும்

(சித்தூரில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள். தெர்மாகோலில் ஒரு மலை, சாயம் போட்ட மரத்தூளில் புல்வெளி, மலைமேல் மூன்று காற்றாலைகள், அடிவாரத்தில் அட்டை வீடு, வீட்டுக்குள் ஒரு குட்டி விளக்கு. பக்கத்தில் நிற்கும் பிள்ளை நாலு வாக்கியத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். மேசைத் துணியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு பேட்டரி இருக்கும். காற்றாலையைச் சுற்றுவது அந்த பேட்டரி, விளக்கை எரிப்பதும் அதே பேட்டரி. காற்றுக்கும் அந்த மாதிரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காற்றாலை சுற்றுவதற்கு மின்சாரம் வேண்டும் என்று அந்தப் பிள்ளையின் கைக்கு நாம் கற்றுக்கொடுத்துவிட்டோம். வாய் மட்டும் வேறொன்றைச் சொல்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. உழைப்பு, ஆர்வம், அப்பா வாங்கிக்கொடுத்த சாமான் எல்லாம் இருந்தும், அந்தப் பிள்ளை காற்றைச் சந்திக்கவே இல்லை.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பதைப் பிள்ளைகள் ஓர் அளவாக அறிய வேண்டும். எத்தனை வாட், எவ்வளவு நேரம், எந்த மாதத்தில் என்று கேட்கப் பழக வேண்டும். 'காற்று நல்லது, நிலக்கரி கெட்டது' என்று சுவரொட்டி எழுதிய பிள்ளை பத்து வருஷம் கழித்து வாக்களிக்கும்போது, வீடு கட்டும்போது, தோட்டத்துக்கு மோட்டார் வாங்கும்போது அந்தச் சுவரொட்டியை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. தன் கையால் ஒரு காற்றாலை செய்து, அது எவ்வளவு கொஞ்சமாகத் தருகிறது என்று பார்த்த பிள்ளையால் முடியும்.

இதைப் பேசுவதற்குச் சித்தூரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. செய்து கற்பது இந்த மண்ணில் வேர்விட்ட விஷயம். மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவான அட்டைவழிக் கற்றலைப் பார்த்துத்தான், 2003-இல் விஜயகுமார் ஐ.ஏ.எஸ். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் அது தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. மதனப்பள்ளி அப்போது சித்தூர் மாவட்டம். குப்பத்தில் 172 ஏக்கரில் அகஸ்தியா நிறுவனம் இருக்கிறது. லண்டனில் வங்கி வேலை பார்த்துவந்த ராம்ஜி ராகவன் திரும்பி வந்து 1999-இல் தொடங்கியது. அறிவியல் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு அரசுப் பள்ளிகளுக்கே போனார்கள். பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் வளர்த்தார்கள். தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து பேசும் குப்பத்தில் அது வேர் பிடித்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. பாஷை மாறினாலும் கையில் இருக்கும் பொருள் மாறாது.

காற்றைப் பற்றிப் பேசினால் காதங்கியைச் சொல்லாமல் இருக்க முடியாது. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் பாகாலாவுக்குப் பக்கத்தில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1,024 ஆன்டெனாக்களைத் தரையில் வரிசையாக நட்டு, 53 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வானத்தை நோக்கி அலைகளை அனுப்பி, தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளக்கிறார்கள். ஆடி மாசத்தில் நம் தெருவில் காற்று மேற்கிலிருந்து வரும். புழுதி கிழக்கே ஓடும். அதே நேரத்தில், அதே இடத்துக்கு நேர்மேலே சுமார் 16 கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. புயலைப் போன்ற வேகம். அந்தக் கிழக்கு ஜெட் காற்றை 1950-களில் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம் நாட்டு வானிலை ஆய்வாளர் கோடேஸ்வரம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிஷம் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். காதங்கியை பஸ்ஸில் தாண்டிப் போகும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அங்கே காற்றை அளக்கிறார்கள் என்று யாராவது சொல்லுங்கள். திருமலைக்குப் போனவர்கள் மலைமேல் காற்றாலைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே திருமலையில் 2002-இல், வெயிலைக் குவிக்கும் தட்டுகளை நூற்றுக்குமேல் வரிசையாக வைத்து நீராவி உண்டாக்கி அன்னதானத்துக்குச் சமைத்தார்கள். பாடப் புத்தகத்தில் இருக்கும் வெளிநாட்டுப் படம் நமக்குத் தேவையில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். சாமான் என்ன வேண்டும்? பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. தென்னை ஈர்க்கு. தேய்ந்துபோன ஹவாய் செருப்பு ஒன்று. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. பால்பாயின்ட் பேனாவின் வெற்றுக் குழாய். நூல், பேப்பர் கப், கொஞ்சம் கூழாங்கல். செருப்பு ரப்பரில் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம் வெட்டி, நடுவில் ஸ்போக்ஸை இறுக்கமாகக் குத்த வேண்டும். அந்த வட்டத்தின் விளிம்பைச் சுற்றி ஈர்க்குகளைச் செருகி, ஒவ்வொரு ஈர்க்கிலும் பத்திரிகை அட்டையில் வெட்டிய ஓர் இறக்கையை ஒட்ட வேண்டும். ஸ்போக்ஸ் பேனாக் குழாய்க்குள் லேசாகச் சுழலும். அதன் மறுமுனையில் நூலைக் கட்டி, நூலின் அடியில் பேப்பர் கப்பைத் தொங்கவிட்டால் தீர்ந்தது. காற்று அடித்தால் நூல் சுற்றிக்கொண்டு கப் மேலே ஏறும்.

செருப்பு ரப்பரை நான் விடாப்பிடியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதில் குத்திய ஈர்க்கு நின்ற நிலையில் நிற்கும். ஆனால் விரலால் முறுக்கினால் திரும்பும். அதாவது இறக்கையின் சாய்வைப் பிள்ளை தன் இஷ்டத்துக்கு மாற்றலாம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் காற்றாலை கிட்டில் இறக்கை அச்சில் வார்த்தபடியே இருக்கும். அதை மாட்டலாம், கழற்றலாம். அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்க முடியாது. இந்தப் பாடம் முழுக்க அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

பெரும்பாலான பிள்ளைகள் முதலில் இறக்கையின் முழு முகத்தையும் காற்றுக்கு நேராக வைப்பார்கள். காற்று நிறையப் பட்டால் நிறையச் சுற்றும் என்பது அவர்கள் கணக்கு. டேபிள் ஃபேனை ஓடவிட்டால் அது நடுங்கும், பின்னால் வளையும், சுற்றாது. இந்த இடத்தில் ஆசிரியர் வாயைத் திறக்கக்கூடாது. இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். 'கொஞ்சம் சாய்த்து வை' என்று சொல்ல நமக்கு நாக்கு துடிக்கும். ஐந்து நிமிஷம் பொறுத்தால் ஏதோ ஒரு பிள்ளை தற்செயலாகவோ யோசித்தோ ஓர் இறக்கையைத் திருப்பும். பிறகு எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பும். சக்கரம் ஓடத் தொடங்கும். அடுத்து, இன்னும் அதிகமாகத் திருப்பினால் இன்னும் வேகமா என்று பார்ப்பார்கள். ஓர் எல்லைக்குப் பிறகு வேகம் குறையும். சுமை இல்லாமல் வேகமாக ஓடின சாய்வும், கல் வைத்த கப்பைத் தூக்குகிற சாய்வும் ஒன்றாக இருக்காது என்பது அதற்கப்புறம் தெரியவரும். நான் கரும்பலகையில் ஒரு மணி நேரம் எழுதினாலும் இந்த மூன்று விஷயமும் இப்படி வரிசையாக மனசில் போய் உட்காராது.

ஒரே ஒரு ஒழுங்கை மட்டும் வகுப்பில் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குழுவும் தன் ஊகத்தைப் பலகையில் எழுதிவிட வேண்டும். மூன்று இறக்கை ஜெயிக்குமா, ஆறு இறக்கை ஜெயிக்குமா? எழுதியாயிற்று என்றால் பின்வாங்க முடியாது. அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கையை மாற்றினால் சாய்வைத் தொடக்கூடாது. சண்டை வரும், வரட்டும். சண்டையைத் தீர்த்துவைப்பது ஆசிரியர் இல்லை, கப்தான்.

சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி செய்ததைச் சொல்ல வேண்டும். அவள் குழுவின் கப் பாதித் தூரம் நன்றாக ஏறியது, பிறகு சட்டென்று வேகமெடுத்தது, அப்புறம் திணறி நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். கூட இருந்தவர்கள் ஃபேனைக் குறை சொன்னார்கள். இவள் மட்டும் குனிந்து ஸ்போக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு அங்கே ஓர் உருண்டை உண்டாகியிருந்தது. அச்சு தடிமனாகிவிட்டதால் ஒரு சுற்றுக்கு அதிக நூல் ஏறுகிறது, கப் வேகமாக ஏறுகிறது, ஆனால் அதைத் தூக்க அதிக முறுக்குவிசை வேண்டியிருக்கிறது, இறக்கையால் முடியவில்லை. இந்த வார்த்தைகள் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. 'சார், நூலு குண்டாயிடுச்சு, அதனால வெயிட்டு ஜாஸ்தியா தெரியுது' என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் கியர் பாடம் முழுக்க இருக்கிறது. பிறகு ஸ்போக்ஸை ஒரு கையால் லேசாக முன்னும் பின்னும் நகர்த்தி நூலைப் பரத்திச் சுற்றவைத்தாள். கப் உச்சிவரை போனது.

இப்போது அளவு. கல்லோடு சேர்த்துக் கப்பின் எடை 100 கிராம், ஏறிய உயரம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்த வேலை ஏறக்குறைய ஒரு ஜூல். ஐந்து வினாடியில் ஏறியிருந்தால் 0.2 வாட். ஒன்பது வாட் எல்இடி பல்பு ஒன்றை எரிக்க இப்படி 45 காற்றாலை வேண்டும் என்று பிள்ளைகளே வகுத்துச் சொல்வார்கள். அத்தோடு விடக்கூடாது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கரண்ட் என்றால் முதலில் ஞாபகம் வருவது போர்வெல் மோட்டார்தான். 'த்ரீ பேஸ் எப்போ வரும்' என்பதை வைத்துத்தான் பல வீடுகளில் அன்றைய பொழுதே நடக்கிறது. ஐந்து எச்பி மோட்டார் என்றால் 3,730 வாட். நம் காற்றாலை எத்தனை வேண்டும்? 18,650. இந்த எண் வெளியே வரும்போது வகுப்பில் ஒரு சத்தம் கிளம்பும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

அதன் பின்னால் ஒரு கேள்வி தானாக வரும். அப்படியானால் மலைமேல் நிற்கும் பெரிய காற்றாலை மட்டும் எப்படித் தருகிறது? 2 மெகாவாட் காற்றாலை முழுத்திறனில் ஓடினால் இந்த மாதிரி 500 மோட்டார்களுக்கு மேல் ஓட்டலாம். நம் காகிதச் சக்கரத்தின் குறுக்களவு 30 சென்டிமீட்டர். அதன் சக்கரம் 100 மீட்டர் என்று வைத்தால், குறுக்களவு 333 மடங்கு, பரப்பு 1 லட்சத்து 11 ஆயிரம் மடங்கு. இது முதல் காரணம். இரண்டாவது காரணம் காற்றின் வேகம். வேகம் இரண்டு மடங்கானால் ஒரு வினாடியில் காற்று கொண்டுவரும் ஆற்றல் எட்டு மடங்கு, மூன்று மடங்கானால் 27 மடங்கு. ஏன் என்பதை எட்டாம் வகுப்புக்கே விளக்கலாம். வேகம் கூடினால் ஒவ்வொரு காற்றுத் துகளின் இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது, அதோடு ஒரு வினாடியில் வந்து சேரும் காற்றின் அளவும் கூடுகிறது. இரண்டும் பெருகி, வேகத்தை மூன்று முறை பெருக்கிய மும்மடி ஆகிறது. கோபுரத்தை ஏன் 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறார்கள் என்பதற்கும் இதுதான் பதில். மேலே போகப்போகக் காற்று வேகம் கொஞ்சம் கூடுகிறது. அந்தக் கொஞ்சம் மும்மடியாகத் திரும்பி வருகிறது. அதே மும்மடி, காற்று கொஞ்சம் இறங்கினால் உற்பத்தியைப் படுக்கவும் வைத்துவிடும். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மின்சாரம் எடுக்கும் பகுதிக்கு வருவோம். இங்கேதான் நிறைய ஆசிரியர்கள் சோர்ந்துபோகிறார்கள். பொம்மைக் காரில் இருந்து எடுத்த சின்ன மோட்டாரில் இறக்கையை மாட்டி, எல்இடியை இணைத்துப் பார்ப்பார்கள். எரியாது. சிவப்பு எல்இடிக்கே ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும். அந்த மோட்டார் நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று ஓடும்படி செய்தது. காகித இறக்கையின் வேகத்தில் அது அரை வோல்ட் கொடுத்தாலே பெரிய விஷயம். பழைய பிரிண்டர் கிடைத்தால் விடாதீர்கள். அதற்குள் ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும். விரலால் சுண்டினாலே எல்இடி பளிச்சென்று மின்னும். ரிப்பேர் கடைகளில் இப்படிப்பட்ட பிரிண்டர்கள் மூலையில் கிடக்கின்றன. கேட்டால் கொடுத்துவிடுவார்கள். சுழற்றத் தொடங்கும்போது அந்த மோட்டார் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதனால் இறக்கையை நீளமாக வெட்ட வேண்டும். ஃபேனின் கூண்டைக் கழற்றாதீர்கள். சக்கரம் சுழலும் தளத்துக்கு நேராக, பக்கவாட்டில் யாரையும் நிற்கவிடாதீர்கள், ஈர்க்கு கழன்றால் கண்ணுக்கு வரும்.

ஸ்டெப்பர் மோட்டாரில் நாலு ஒயர் வரும். எந்த இரண்டு ஜோடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மீட்டர் வேண்டாம். இரண்டு ஒயர் நுனிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அச்சை விரலால் திருப்பச் சொல்லுங்கள். தவறான ஜோடி என்றால் முன்போலவே திரும்பும். சரியான ஜோடி என்றால் அச்சு கனக்கும். விரலுக்கு நன்றாகத் தெரியும். நுனிகளைப் பிரித்தால் மறுபடி லேசாகும். ஒரு பையன் இதைச் செய்துவிட்டு, 'சார், உள்ள யாரோ பிடிச்சு இழுக்கிறாங்க' என்றான். மின்சாரம் ஓடும்போதுதான் அந்தக் கனம் வருகிறது. விளக்கை எரிப்பது எதுவோ அதற்கான விலையை அச்சைச் சுற்றுகிறவன் கொடுக்கிறான். இந்தப் பாடம் முழுவதிலும் நான் மிக மிக மதிக்கும் நொடி இது. ஆற்றல் அழிவின்மை விதியைப் பிள்ளை விரல் நுனியில் உணர்ந்துவிட்டது.

இதை உணர்ந்த வகுப்பில்தான் அடுத்த கேள்வியை எடுக்க முடியும். எந்த ஊர் வகுப்பிலும் ஒரு பிள்ளை இதைக் கேட்டே தீரும்: 'பைக் முன்னாடி ஒரு காத்தாடி வச்சா பெட்ரோலே வேண்டாமே, சார்?' அந்தப் பிள்ளையை உட்காரவைத்துவிடாதீர்கள். மோட்டாரைக் கையில் கொடுத்து, ஒயர்களைச் சேர்த்து, மறுபடி சுற்றச் சொல்லுங்கள். பைக் ஓடும்போது அந்தக் கனத்தை யார் தள்ளுகிறார்கள் என்று கேளுங்கள். இன்ஜின்தான் என்று அதுவே சொல்லும். இதே கேள்வியின் தம்பி ஒன்று உண்டு. டேபிள் ஃபேன் 60 வாட் சாப்பிடுகிறது, நம் காற்றாலை கால் வாட்கூடத் தரவில்லை, அப்படியானால் நஷ்டம்தானே? ஆமாம், நஷ்டம்தான். ஃபேன் பாடத்துக்காக வைத்தது. வெளியே அடிக்கும் காற்றுக்கு யாரும் கரண்ட் பில் கட்டுவதில்லை. அதனால்தான் இந்த வேலை மைதானத்திலும் மாடியிலும் போய் முடிய வேண்டும்.

மைதானத்துக்குப் போனால் காற்றை அளக்க வேண்டும். நாலு பேப்பர் கப், இரண்டு குச்சி, நடுவில் ஒரு ஆணி. ஒரு கப்புக்கு மட்டும் சிவப்புச் சாயம். அயர்லாந்து வானியலாளர் ராபின்சன் 1846-இல் செய்த நாலு கிண்ணக் காற்றுமானியும் இதே அமைப்புதான். இதற்கு அளவு குறிக்க ஒரு நல்ல வழி உண்டு. காற்றே இல்லாத விடியற்காலையில் ஒரு பிள்ளை சைக்கிள் மிதிக்கட்டும், பின்னால் உட்கார்ந்த பிள்ளை இதை உயர்த்திப் பிடித்துக்கொள்ளட்டும். 100 மீட்டரை 25 வினாடியில் கடந்தால் வினாடிக்கு 4 மீட்டர். அப்போது சிவப்புக் கப் பத்து வினாடியில் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டால் போதும். அதை வைத்துப் பள்ளி முழுக்க அளக்கலாம். மாடியில் எவ்வளவு, வேப்பமரத்துக்குப் பின்னால் எவ்வளவு, இரண்டு கட்டடத்துக்கு இடையில் எவ்வளவு என்று அவர்களே ஒரு வரைபடம் போட்டுவிடுவார்கள்.

இந்த வரைபடம் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் காற்று மின்சாரமே இப்படித்தான் பிறந்தது. பீருமேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, வானிலைத் துறையில் பெரிய பொறுப்பு வகித்து ஓய்வு பெற்ற அன்னா மணி, ஓய்வுக்குப் பிறகு பெங்களூரில் இருந்தபடி நாடு முழுக்கக் காற்றளவை வேலையை முன்னின்று நடத்தினார். வானிலை நிலையங்கள் பல ஊருக்குள் கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் நடுவில் இருந்தன. காற்றாலைக்கு வேண்டிய கணக்கு அவற்றில் சரியாகக் கிடைக்கவில்லை. கணவாய்களிலும் மேடுகளிலும் கம்பம் நட்டு அளக்க வேண்டியிருந்தது. 1983-இல் அவரும் மூலே என்ற ஆய்வாளரும் சேர்ந்து இந்தியக் காற்றாற்றல் தரவுகளை நூலாக வெளியிட்டார்கள். 1986-இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் முதல் காற்றாலைகள் சில நின்றன. பிறகு கயத்தாறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆந்திராவில் அனந்தபூர், கர்நூல், கடப்பா பக்கம் ஏறக்குறைய 4,000 மெகாவாட். பேப்பர் கப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்பிள்ளைகளிடம் அன்னா மணியின் பெயரைச் சொல்லுங்கள்.

பெண்பிள்ளைகள் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கலந்த குழுக்களில் கத்தியும் ஒயரும் மோட்டாரும் பையன்கள் கைக்குப் போய்விடும், கலர் அடிப்பதும் நோட்டில் எழுதுவதும் பெண்பிள்ளைகளுக்கு வந்துவிடும். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, ஆனால் கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கும். வேலையை முறை வைத்து மாற்றுங்கள். நூல் உருண்டையைக் கண்டுபிடித்த அந்தப் பிள்ளை நோட்டு எழுதப் போயிருந்தால் அந்தக் கப் பாதியிலேயே நின்றிருக்கும்.

வகுப்பறைக் காற்றாலையால் ஒரு நாட்டில் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு டென்மார்க்கைச் சொல்வேன். அஸ்கோவ் என்ற ஊரில் கிராமத்து இளைஞர்களுக்கான பள்ளியில் போல் லா கூர் என்று ஓர் ஆசிரியர். 1891-இல் அரசு கொடுத்த பணத்தில் பள்ளியிலேயே ஒரு சோதனைக் காற்றாலை கட்டினார். மின்சாரத்துக்கு நிறைய இறக்கைகள் வேண்டாம், வேகமாகச் சுழலும் சில இறக்கைகள் போதும் என்பதைச் சோதித்து நிறுவினார். கிராமங்களில் மின்பணி செய்யப் போகிறவர்களுக்கு வகுப்பு நடத்தினார். 1904-இல் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த இளைஞர்களில் ஒருவர் யோஹானஸ் யூல். அவர் 1957-இல் கெட்ஸர் என்ற இடத்தில் மூன்று இறக்கைகளோடு 200 கிலோவாட் காற்றாலை கட்டினார். இன்று உலகம் முழுக்க நிற்கும் மூன்று இறக்கைக் காற்றாலைகளின் மூதாதை அதுதான். பள்ளி வகுப்புக்கும் அந்தக் காற்றாலைக்கும் இடையில் 53 வருஷம். அதே நாட்டில் டுவிண்ட் பள்ளிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் தொண்டர்களும் சேர்ந்து 1978-இல் அன்றைய உலகின் மிகப் பெரிய காற்றாலையைத் தாங்களே கட்டி எழுப்பினார்கள். நிறைய இறக்கை எதற்கும் உதவாது என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஆரோவில் பக்கம் கிணற்றுத் தண்ணீர் இறைக்கப் பல இறக்கைக் காற்றாலைகள் இருந்தன. மெதுவாகச் சுற்றி, கனத்தைத் தூக்க அதுதான் சரி. ஆறு இறக்கைக் குழு கப்பைத் தூக்குவதில் ஜெயித்தால் காரணம் அங்கே இருக்கிறது.

கடைசியாக நாள்காட்டி. மின்சாரப் பாடம் எந்த மாதத்தில் வந்தாலும் சரி, காற்றாலை வேலையை ஆனி, ஆடியில் வையுங்கள். பள்ளி திறந்த கையோடு காற்றும் வந்துவிடுகிறது. மாடியில் வைத்த சக்கரம் தினம் எத்தனை மணிக்குச் சுற்றத் தொடங்கியது, எப்போது நின்றது என்று ஒரு பிள்ளை நோட்டில் குறிக்கட்டும். புரட்டாசி தாண்டியதும் அதே நோட்டில் காலியான பக்கங்கள் வரும். அப்போது, காற்று இல்லாத நாளில் மோட்டாருக்கு என்ன செய்வது என்ற கேள்வியை எடுங்கள். மலைமேல் நீரை ஏற்றிவைத்து வேண்டும்போது இறக்குவது, பேட்டரி, வெயில், நீர், இன்னும் நம்பியிருக்கும் நிலக்கரி எல்லாம் அந்தக் காலிப் பக்கத்திலிருந்து பேசத் தொடங்கலாம். காற்றாலைக்கு இடம் வேண்டும், கம்பிகள் வேண்டும், பெரிய பறவைகள் அந்தக் கம்பிகளில் மோதுகின்றன, ஆயுள் முடிந்த இறக்கையை என்ன செய்வது என்பது பெரிய கேள்வி. இவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். குறையைச் சொன்னால் பிள்ளை வெறுத்துவிடும் என்ற பயம் வேண்டாம். தான் கைப்பட வேலை செய்த ஒன்றை எந்தப் பிள்ளையும் அவ்வளவு சுலபமாக வெறுக்காது.

அரங்கின் பின்பக்கத்து மேசையில் ஸ்டெப்பர் மோட்டார்கள், செருப்பு ரப்பர், ஈர்க்குக் கட்டு எல்லாம் வைத்திருக்கிறேன். அட்டை வெட்டக் கத்தரிக்கோலும் இருக்கிறது. பிள்ளைகளோடு வந்திருப்பவர்கள் அவர்களை முன்னால் விடுங்கள். ஆசிரியர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மோட்டார் எடுத்துக்கொண்டு போகலாம். அதற்கு முன் ஒயர் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, அச்சை ஒருமுறை உங்கள் விரலால் திருப்பிப் பாருங்கள்.